பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் யாராவது துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றால், உள்ளே இருப்பது லேப்டாப் என்று என் மனைவிக்குத் தெரிந்துவிடும். நான் கடை வைத்திருப்பவன் அல்ல. அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தத் தகுதியிலேயே தெருவுக்கு வைத்தியன் ஆகிவிட்டேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான். "விண்டோஸ் 11 போட்டால் வேகம் வருமா?" "ராம் கூட்டினால் போதுமா?" "பேசாமல் புதிதே வாங்கிவிடலாமா?"

மூன்றுமே மருந்துக்கடையில் நின்று கேட்கிற கேள்விகள். காய்ச்சலா, அஜீரணமா என்று யாரும் பார்ப்பதில்லை. கணினி எந்த இடத்தில் திணறுகிறது என்பதை அதுவே திரையில் காட்டும். அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், காசும் செலவில்லை. பார்த்த பிறகுதான் பணப்பையைத் தொட வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். 2017இல் வாங்கிய லேப்டாப்பை அண்மையில் கொண்டுவந்தார். அதைச் சரிசெய்த கதையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது வேறு கம்பெனி, வேறு மாடல் என்றாலும் வேலையின் வரிசை மாறாது.

நோய் எங்கே என்று பார்ப்பது

முதலில் கைப்பேசியில் நிறுத்துக்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் பொத்தானை அழுத்தியதிலிருந்து நீங்கள் வழக்கமாகத் திறக்கும் ஒரு கோப்பு திறக்கும் வரை எவ்வளவு நேரம் என்று குறித்துவையுங்கள். சாருடைய கணினிக்கு ஆறு நிமிடம் பத்து விநாடி. "அதற்குள் நான் காபி போட்டுக் குடித்துவிடுவேன் தம்பி" என்றார். பெருமையாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னப் பட்டியல் மட்டும் தெரிந்தால் அடியில் 'மோர் டீட்டெய்ல்ஸ்' என்று இருப்பதைச் சொடுக்கி, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போங்கள். இடப்பக்கம் சிபியூ, மெமரி, டிஸ்க் என்று சின்னச் சின்ன வரைபடங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

சாருடைய கணினியில் சிபியூ 12 சதவீதம், மெமரி 88 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். டிஸ்க் வரைபடத்தைச் சொடுக்கினால் படிக்கும் வேகம் விநாடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்று தள்ளாடியது. இவ்வளவு குறைந்த வேகத்தில் எப்படி 100 சதவீதம் வேலை ஆகும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு இருக்கிறது. அதன் மேல் ஊசிபோல ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தகவலைப் படிக்கிறது. ஒரு துண்டை எடுத்து அடுத்த துண்டு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 15 மில்லி விநாடி ஆகும். அப்படியானால் ஒரு விநாடியில் அறுபது, எழுபது துண்டுகள்தான். ரேஷன் கடையில் ஒரே ஆள் பில் போட்டு, அவரே எழுந்து போய் அரிசி அளந்து, திரும்பி வந்து அடுத்தவரைக் கூப்பிடுவது போல. மூட்டை மூட்டையாக அரிசி இருந்தும் வரிசை நகராது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் புதுவகைச் சேமிப்பான எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. எல்லாம் சில்லு. ஒரு துண்டைத் தேடி எடுக்க ஒரு மில்லி விநாடிகூட ஆகாது.

ஆகவே டிஸ்க் அடிக்கடி 100 சதவீதத்தில் நின்று, அதன் வகை எச்டிடி, அதாவது ஹார்ட் டிஸ்க், என்று காட்டினால், உங்களுக்கு வேண்டியது எஸ்எஸ்டி. ராம் அல்ல, விண்டோஸ் 11உம் அல்ல. டிஸ்க் சும்மா இருக்க, மெமரி, அதாவது தற்காலிக நினைவகமான ராம், மட்டும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ராமைக் கூட்ட வேண்டும். இரண்டும் அமைதியாக இருக்க சிபியூ மட்டும் எந்நேரமும் 100இல் கொதித்தால், முதலில் வைரஸ் சோதனை செய்யுங்கள், உள்ளே மின்விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அப்போதுதான் புதுக் கணினிப் பேச்சு.

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். மெமரி பக்கத்தில் எத்தனை ஜிபி, அதன் வேகம், 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று இருக்கிறதா, இரண்டும் நிரம்பியிருக்கிறதா. அதே இடத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி இருக்கும். 'சோடிம்' என்றிருந்தால் ராமைக் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. அதைக் கழற்ற முடியாது. மெலிதான மாடல்களில் இப்படித்தான் இருக்கும். கூடவே காலி ஸ்லாட் ஒன்று இருந்தால் அதில் சேர்க்கலாம், இல்லாவிட்டால் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

பிறகு சிபியூ பக்கத்தில் மேலே இருக்கும் பெயர். சாருடையது இன்டெல் ஐ5-7200யூ. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கமாக இருந்து 2 முதல் 9 வரை தொடங்கினால் முதல் இலக்கம்தான் தலைமுறை. 7200 ஏழாம் தலைமுறை, 8250 எட்டாம் தலைமுறை. 10210, 1135 போல 10, 11 என்று தொடங்கினால், எத்தனை இலக்கமானாலும், பத்தாம், பதினொன்றாம் தலைமுறை. இந்த ஓர் இலக்கம்தான் விண்டோஸ் 11 கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறது.

விண்டோஸ் 11 போடலாமா?

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினி அன்றைக்கே நின்றுவிடவில்லை. வழக்கம்போல் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது. வங்கிக் கணக்கு, வருமான வரி என்று எதையாவது அதில் செய்பவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி, செக்யூர் பூட் வசதி ஆகியவை வேண்டும். இவற்றைவிடப் பலருக்குத் தடையாக நிற்பது மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசசர்களின், அதாவது சிபியூக்களின், பட்டியல். மேலோட்டமாகச் சொன்னால் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்குகிறது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறு நிரலை இறக்கி ஓட்டினால் தகுதி உண்டா, இல்லையா, எதனால் இல்லை என்று காட்டிவிடும். டிபிஎம் இல்லை என்று அது சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். பல கணினிகளில் அது இருக்கும், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயோஸில் அணைத்துவைத்திருப்பார்கள். பிராசசர் பொருந்தவில்லை என்றால்தான் கதவு உண்மையிலேயே மூடியது.

சாருடைய ஏழாம் தலைமுறைக்குக் கதவு மூடியதுதான். அப்படிப்பட்டவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, விண்டோஸ் 10 பாதுகாப்பு நீட்டிப்புத் திட்டம். 22எச்2 பதிப்பு வைத்திருக்கும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணமில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். இரண்டாவது, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸுக்கு மாறுவது. மூன்றாவது, தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ நிறுவுவது. செய்ய முடியும், நானே செய்திருக்கிறேன். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஏதாவது நேர்ந்தால் சரிசெய்யத் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருந்தால் முயலலாம். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கு இதைச் செய்துகொடுப்பது அவர் தலையில் கட்டிவிடும் வேலை.

லினக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இணையம், மின்னஞ்சல், கடிதம் தட்டச்சு, படம் பார்ப்பது இவ்வளவுதான் தேவை என்றால் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொடாது. வை-ஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே சோதித்துவிடுங்கள். டாலியில் கணக்கு எழுதுபவர்கள் மாறாதீர்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகி வரி தாக்கல் செய்பவர்கள், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், உண்டா என்று பார்க்காமல் மாறாதீர்கள்.

கை வைக்கும் முன் நகல்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களின் கண்ணீரை நிறையப் பார்த்திருக்கிறேன். புறவன்தட்டு ஒன்றை, அதாவது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கடனாகவாவது வாங்கி, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கு கோப்புறைகளையும் முதலில் நகலெடுங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், டாலி தரவுக் கோப்புறை, அவுட்லுக்கில் மின்னஞ்சல் பார்ப்பவர்களுக்கு அதன் கோப்பு ஆகியவை தனியாக ஒளிந்திருக்கும். மறக்காதீர்கள். நகல் முடிந்ததும் அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் நகலே அல்ல.

நகலெடுக்கும்போது பழைய டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று தட்டும் ஓசை கேட்டால் உடனே நிறுத்தி அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் மிச்சமும் போய்விடும். அது தரவு மீட்புத் தெரிந்தவர்களின் வேலை.

டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் கிடைக்கும். அது இல்லாமல் பயோஸை மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ உங்கள் கோப்புகளே உங்களை உள்ளே விடாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு படி உண்டு. எந்த ஆங்கில வழிகாட்டியிலும் இது இருக்காது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீடு பரவும் முன் நாம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். அந்தக் கோப்புகளுக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு என்ற முகமூடியைப் போட்டுத்தான் அவை தமிழாகத் தெரிகின்றன. சார் தம் ஊர்ப் பள்ளியின் வரலாற்றை இருநூறு பக்கம் பாமினியில் எழுதி வைத்திருக்கிறார். புதிதாக ஏற்றிய விண்டோஸில் அதைத் திறந்தபோது திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக்கிடந்தன. சார் முகம் வெளுத்துவிட்டது. "வைரஸா தம்பி?" என்றார். குரல் தழுதழுத்தது. பழைய டிஸ்க்கின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்து நிறுவிய அடுத்த நொடி, பள்ளி அப்படியே திரும்பி வந்தது. நகலெடுக்கும்போதே சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்று இருப்பதையும் எடுத்திருந்தால் அவருக்கு அந்த இரண்டு நிமிட வேதனை இருந்திருக்காது. தவறு என்னுடையது. பிறகு ஒரு மாற்றி நிரலைக் கொண்டு கோப்பு முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். உங்களிடமும் அப்படிப்பட்ட கோப்புகள் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கடையில்

எழுதிய தாளோடு கடைக்குப் போங்கள். சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே உள்ள சிறு கடையானாலும், கையில் தாள் இருக்கும் வாடிக்கையாளரிடம் கடைக்காரர் பேசும் விதமே வேறு.

ராம் வாங்கும்போது தலைமுறை பொருந்த வேண்டும். டாஸ்க் மேனேஜர் காட்டிய வேகம் 1333 அல்லது 1600 என்றால் பெரும்பாலும் டிடிஆர்3. 2133 முதல் 3200 வரை டிடிஆர்4. 4800உம் அதற்கு மேலும் டிடிஆர்5. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒருமுறை அவசரத்தில் டிடிஆர்3 கணினிக்கு டிடிஆர்4 வாங்கிவந்து, ஏன் உட்கார மறுக்கிறது என்று பத்து நிமிடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். டிடிஆர்3இலேயே குறைந்த மின்னழுத்தம் கொண்ட 'எல்' வகை உண்டு. சாதாரண வகை 1.5 வோல்ட், 'எல்' வகை 1.35 வோல்ட். பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது எல்லாவற்றையும்விட எளிது. வேகம் மட்டும் சற்றுக் கூடுதலாக இருந்தால் கவலை இல்லை, குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும். சாருக்கு இருந்த 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்தோம். 8 ஜிபி இன்றைய வீட்டு வேலைக்குப் போதும். 2025 இறுதியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டதால், 16 வேண்டுமா என்று இரண்டு முறை யோசியுங்கள்.

எஸ்எஸ்டியில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே அளவில், 2.5 அங்குலத்தில், சாட்டா இணைப்போடு வருவது ஒரு வகை. சூயிங்கம் பட்டைபோல் இருக்கும் எம்.2 இன்னொரு வகை. அதில் 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். எம்.2 தோற்றத்திலேயே சாட்டா இணைப்பும் உண்டு, என்விஎம்இ என்ற வேறு இணைப்பும் உண்டு. உங்கள் கணினியின் பொந்து எதை ஏற்கும் என்று மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சாட்டா விநாடிக்கு 550 எம்பி வரை போகும், என்விஎம்இ அதைவிடப் பல மடங்கு போகும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுகிறவருக்குச் சாட்டாவே கார் வாங்கியதுபோல் இருக்கும்.

500 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. ஆனால் நம்ப முடியாத விலையில் 2 டிபி பென் டிரைவ் என்று இணையத்தில் வருகிறதே, அது ஏமாற்றுத்தான். உள்ளே 32 ஜிபி சில்லை வைத்து 2 டிபி என்று பொய் சொல்லவைத்திருப்பார்கள். நிரம்பியதும் பழைய கோப்பின் மேலேயே எழுதும். பில் போட்டுத் தராத கடையில் எதையும் வாங்காதீர்கள். எஸ்எஸ்டிக்கு மூன்று, ஐந்து ஆண்டு உத்தரவாதம் உண்டு, பில் இல்லாவிட்டால் அது வெறும் அட்டைப்பெட்டி.

திறப்பது

பயம் வேண்டாம், அவசரமும் வேண்டாம். உத்தரவாதக் காலம் முடியாத கணினி என்றால் மட்டும் சேவை மையத்தில் கேட்டுவிட்டுத் திறங்கள்.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். கழற்றும் பேட்டரி என்றால் கழற்றுங்கள். பூஜ்ஜிய எண் ஃபிலிப்ஸ் திருப்புளி ஒன்று, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று, காலி முட்டை அட்டை ஒன்று. இவ்வளவுதான் கருவிகள். முட்டை அட்டை எதற்கு என்றால், திருகுகள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளத் திருகைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல்பக்கம் கை வைக்கும் இடத்தில் கொப்புளம்போல் புடைத்துக்கொண்டு வரும். எந்தக் குழியில் எந்த மூலைத் திருகு என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் திருகும் கழன்றும் மூடி அசையவில்லையா? ரப்பர் காலுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். நெம்பாதீர்கள், தேடுங்கள்.

பிளாஸ்டிக் அட்டையை ஓர இடுக்கில் நுழைத்து மெல்ல நகர்த்தினால் 'டிக், டிக்' என்று கொக்கிகள் விடும். சில மாடல்களில் கீபோர்டு பக்கம்தான் தூக்கும். அப்போது அடியில் காகிதம்போல் மெல்லிய பட்டை வயர் தொங்கும். வேகமாகத் தூக்கினால் கிழிந்துவிடும். உள்ளே பேட்டரி இருந்தால் முதல் வேலை அதன் இணைப்பைப் பிடுங்குவது. எதையும் தொடும் முன், வெறும் உலோகம் எதையாவது ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போய்விடும்.

பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வருவது அதன் அறிகுறி. குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். மாற்றும் வரை அந்தக் கணினியை மின்சாரத்தில் செருகவும் கூடாது.

ராமைச் சாய்வாக, ஏறத்தாழ முப்பது பாகை கோணத்தில் பொந்துக்குள் நுழைத்து, தங்க நிற முனைகள் மறையும் வரை தள்ளுங்கள். பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பிடிக்கும். ஹார்ட் டிஸ்க்கைச் சட்டத்தோடு கழற்றி, அந்தச் சட்டத்தில் எஸ்எஸ்டியை அதே நான்கு திருகுகளால் பொருத்தி, இணைப்புக்குள் பக்கவாட்டில் தள்ளுங்கள். எல்லாத் திருகுகளையும் போட்டு மூடிவிடாதீர்கள். பேட்டரியை மட்டும் இணைத்து, மூடியை மேலே வைத்து, கணினியை இயக்கி பயோஸுக்குள் போங்கள். 8 ஜிபி என்று தெரிகிறதா, எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் மூடலாம். புது ராம் போட்ட முதல் தடவை திரை ஒரு நிமிடம் வரை கறுப்பாகவே நிற்கலாம், பதற வேண்டாம். அதற்கு மேலும் நின்றால் ராமை எடுத்து மறுபடி செருகுங்கள்.

விண்டோஸ் ஏற்றுவது

பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கும் நிரல்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. எட்டு ஆண்டுக் குப்பையையும் சேர்த்துப் புது வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போவானேன்?

வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் 'மீடியா கிரியேஷன் டூல்' நிரலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில் நிறுவல் பிரதி தயாரியுங்கள். அந்தப் பென் டிரைவில் இருந்தவை அழிந்துவிடும். அதைச் செருகி, கணினியை இயக்கியதும் துவக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸில் எஸ்கேப். நிறுவும்போது எண் கேட்டால் 'என்னிடம் எண் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு இருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், நிறுவுங்கள். முறையான உரிமத்தோடு ஓடிய கணினியின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது. டிஸ்க்கை மாற்றினாலும் போகாது, இணையம் கிடைத்ததும் தானாகச் செயலாகும். இது தெரியாமல் உரிமத்துக்கென்று தனியாகப் பணம் கொடுத்தவர்களையும், 'ஆக்டிவேட்டர்' என்ற பெயரில் வைரஸை ஏற்றிக்கொண்டவர்களையும் எனக்குத் தெரியும்.

டிஸ்க் தேர்வுப் பக்கத்தில் 'அன்அலகேட்டட் ஸ்பேஸ்' என்று ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். பழைய டிஸ்க் வெளியே மேசையில் இருப்பதால் தவறி அதை அழிக்க வழியில்லை. நிறுவி முடிந்து வை-ஃபை தெரியவில்லை என்றால் கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'டெத்தரிங்' போடுங்கள். அந்த இணையத்தில் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் டிரைவர்களை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். இதற்கென்று விளம்பரத்தில் வரும் 'டிரைவர் அப்டேட்டர்' நிரல்கள் எதுவும் வேண்டாம். பயோஸ் அப்டேட் வந்தால் சார்ஜர் செருகி, பேட்டரியும் நிரம்பியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மழைநாள் மாலையில் வேண்டவே வேண்டாம்.

தமிழ் விசைப்பலகைக்குத் தனி நிரல் தேட வேண்டியதில்லை. செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேருங்கள். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். விண்டோஸ் 11இல் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஆஃபிஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் அதே 2025 அக்டோபர் 14இல் ஆதரவு முடிந்துவிட்டது. கடிதமும் கணக்கும் மட்டும் போதுமென்றால் லிப்ரே ஆஃபிஸ் இலவசம்.

சார் கணினியை மறுபடி கடிகாரம் வைத்துப் பார்த்தோம். கோப்பு திறக்க இருபத்தெட்டு விநாடி. அவர் காதைக் கீபோர்டருகே கொண்டுபோனார். "சத்தமே இல்லையே தம்பி, ஓடுகிறதா?"

துணைக்கருவிகள்

சார்ஜர் மாற்றும்போது வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 65 வாட். முனையின் தடிமனும் பார்க்க வேண்டும். டைப்-சி சார்ஜர்கள் கணினியோடு பேசி வோல்ட்டை முடிவு செய்துகொள்ளும், வாட் மட்டும் போதுமானதா என்று பாருங்கள்.

எல்லா டைப்-சி துளையும் ஒன்றல்ல. சில சார்ஜ் ஏற்றும், சில திரைக்குப் படம் அனுப்பும், சில தகவல் மட்டும் கடத்தும். மானிட்டருக்குக் கேபிள் வாங்கும் முன் கணினியின் விவரக் குறிப்பைப் படியுங்கள்.

வயர் இல்லாத மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறதா? அதன் ரிசீவருக்குப் பக்கத்திலேயே நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் டிஸ்க் எதையாவது செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் மவுஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோடு மோதும். ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றினால் தீர்ந்தது. பேட்டரியை மாற்றி மாற்றி அலுத்துப்போய் மவுஸையே தூக்கி எறிந்தவர் ஒருவர் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்.

பென் டிரைவில் இடம் இருந்தும் பெரிய வீடியோ ஏறவில்லை என்றால் அது ஃபேட்32 அமைப்பில் இருக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. உள்ளிருப்பதை வெளியே எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள்.

மிஞ்சிய பழைய ஹார்ட் டிஸ்க்கை வீணாக்க வேண்டாம். 2.5 அங்குல யூஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதற்குள் போட்டால் எக்ஸ்டர்னல் டிஸ்க். முதலில் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' நிரலில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். நீலம் காட்டினால் இன்னும் உழைக்கும். மஞ்சள் என்றால் அதில் இருக்கும் எதற்கும் வேறிடத்தில் ஒரு பிரதி வேண்டும். சாருடையது நீலம். உறையின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, நகலெடுத்த தேதியை எழுதிக் கொடுத்தேன். கீழே இன்னும் ஐந்தாறு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை அவரே எழுதிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.